இந்த வண்டி விற்பனைக்கு இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், வண்டியும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டித் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒருவர் வந்து வாசலில் நின்றார். பெயின்ட் அடிக்கிறவர் போலிருக்கிறது, கால்சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்தார். என்ன விஷயம் என்று கேட்டால், "விக்கப் போறதா போட்டிருந்தீங்களே" என்று போனை நீட்டுகிறார். நம் வண்டி, நம் வாசல், கீழே உன் நம்பர். வயதானவர் ஓட்டியது, அதிகம் ஓடாதது என்று வேறு எழுதியிருக்கிறாய். வயதானவர் என்றதைக்கூட மன்னித்துவிடுவேன், காலையில் நாலு கட்டடத்துக்கு ஜன்னல் துடைக்கவும் மதியம் மூன்று வீட்டுக்குக் கேக் கொண்டுபோகவும் நாய் மாதிரி ஓடுகிற வண்டியை அதிகம் ஓடாதது என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? படம் எடுத்து அனுப்பியது யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, படத்தின் ஓரத்தில் உன் அப்பாவின் கட்டைவிரல் கொழுகொழுவென்று தெரிகிறது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மனுஷர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது.

நீ எதற்காகச் செய்தாய் என்று தெரியாமல் இல்லை. போன மாதம் கேக் சாய்ந்த கதையை உன்னிடம் சொன்னதுதான் என் தப்பு. சிரிப்பாய் என்று நினைத்துச் சொன்னேன், நீ அழ ஆரம்பித்துவிட்டாய். "ஜன்னல் துடைக்கிறதுன்னா அதை மட்டும் செய், இல்ல கேக் மட்டும் கொண்டு போ, ஒரே வண்டியில ரெண்டு வேலை எதுக்கும்மா, வழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கேயிருந்து ஓடி வர்றது" என்று கேட்டாய். எதற்கென்றால், மழைக்காலத்தில் ஜன்னல் துடைக்க ஒருவரும் கூப்பிடுவதில்லை, ஆனால் மழை பெய்கிறது என்று யாரும் பிறந்தநாளைத் தள்ளிவைப்பதும் இல்லை. அன்றைக்கு நடந்தது வயதினால் வந்த வினை இல்லை, தண்ணீரால் வந்தது. தொட்டி நிறைய இருந்தால் தண்ணீர் சும்மா கிடக்கும், காலியாக இருந்தால் பேச்சே இல்லை, பாதி இருந்தால்தான் வளைவில் எகிறி வண்டியையே ஆட்டும். காலையில் ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்ததால் பாதித் தண்ணீர் மிஞ்சிவிட்டது, அதைக் கொட்ட மனசில்லாமல் மூன்றடுக்குக் கேக்கை ஏற்றினேன். மேலடுக்கு நகர்ந்து ஒருபக்கமாக உட்கார்ந்துவிட்டது. கேக் கடைக்காரம்மா தலையில் கைவைத்தாள், பிறகு அவளே வந்து க்ரீமை வழித்துப் பூசி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது மிச்சத் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அவள் கடைக் கண்ணாடியைக் கழுவித் தீர்த்துவிட்டுத்தான் கேக்கை ஏற்றுகிறேன். அந்தத் தெருவில் அவள் கடைதான் பளபளக்கிறது. உன் அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிப்பது போல டப்பாவைப் பிடித்துக்கொண்டு வருகிறார், தூங்குவதும் உண்டு.

கோபத்தைவிட வருத்தம்தான் எனக்கு அதிகம். நீ பயப்படுவது புரிகிறது, பயப்படு, தினமும் போன் செய்து திட்டு. என்னைக் கேட்காமல் விலை பேசினாய் பார், அதுதான் தாங்கவில்லை. வண்டி வாங்கியபோது எனக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் உன் பெயரில் பதிந்தோம், அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கியவள் நான். அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும், கூட்டிவரவேண்டும். இனி அப்படி உட்காரமாட்டேன், சொல்லிவிட்டேன்.

பெயின்டரிடம் விற்பதற்கில்லை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் தொட்டியையும் நீளக் கம்பையும் பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்க பெயின்ட் அடிச்ச வீட்டு ஜன்னலெல்லாம் ஒரே புள்ளி, சுரண்டித் துடைச்சுக் குடுப்பீங்களா" என்று கேட்டார். சனிக்கிழமை போய்த் துடைத்துக் கொடுத்தேன், அடுத்த வாரம் இன்னொரு வீடு. உன் விளம்பரத்தால் எனக்கு வேலைதான் கூடியிருக்கிறது.

அங்கே குளிர் என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே. பொழுதன்றைக்கும் கம்ப்யூட்டரையே முறைக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்கவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. இத்துடன் வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் வைத்திருக்கிறேன், மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. போட மனசில்லை, வண்டியை விற்றே தீருவேன் என்றால், சாவியை என் கையிலிருந்து வாங்க நேரில் வா. நீ வந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. வந்தால் வயிறு நிறையச் சமைத்துப் போடுவேன், உன் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். சாவியைத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
வண்டியை விற்காத
உன் அம்மா