காளி நாற்காளி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்காலுக்கும் எடைக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

உன் படங்களை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்ச்சி நடக்கப்போகிறதாமே! "நினைவின் வீடு", முப்பத்திரண்டு ஓவியங்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். படித்தது நான் இல்லை. என் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த பேங்க் மேனேஜர், புது லென்ஸில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார். "ஏம்மா, இது உங்க அக்காவா? மூக்கு அப்படியே உரிச்சு வெச்சிருக்கே" என்றார். தினம் நாற்பது பேரை உட்காரவைத்து "தெரியுதா, தெரியுதா" என்று கேட்கிறவளுக்கு, சொந்த அக்கா சேதி ஊரான் கண்ணாடி வழியாகத்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

எனக்குப் போட்ட அழைப்பிதழ் தபாலில் தொலைந்திருக்கும். போகட்டும். திறப்பு விழாவுக்கென்று புதுச் செருப்பு வாங்கி, அது கடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. எத்தனை மணிக்கு வரட்டும்? அப்பா படம் உண்டா?

உன்,
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கண்காட்ச்சி இல்லை, கண்காட்சி. ஐம்பது வயதிலுமா?

திறப்பு விழாவுக்கு விமர்சகர்கள், படம் வாங்குகிறவர்கள் என்று கூட்டமாக இருக்கும். உன்னைக் கவனிக்க முடியாது. நீயும் சும்மா இருக்கமாட்டாய், ஒவ்வொருவரையும் பிடித்துவைத்துக் கதை சொல்வாய். எல்லாம் முடிந்ததும் படங்கள் அச்சிட்ட புத்தகம் அனுப்புகிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அக்கா,

வந்து பார்த்துவிட்டேன். நீ சாப்பிடப் போயிருந்த நேரம். வாசலில் இருந்த பெண், "நீங்க யாருன்னு எழுதணும்" என்று நோட்டை நீட்டினாள். "கண்ணாடிக் கடை" என்று எழுதினேன்.

முதல் படத்தில் அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடியபடியே சவரம் செய்கிறார். இரண்டாவதில் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு கரப்பான் வேட்டை. மூன்றாவதில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி, வாளிக்குள் பூனை. கோடெல்லாம் உயிரோடு இருக்கிறது, அதில் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

உனக்கு எப்படி அக்கா நினைவிருக்கும்? அம்மா போனதும் நீ அத்தை வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாய். இதெல்லாம் அந்த ஏழு வருடத்தில் நடந்தது. பார்த்தவள் நான். வாரம் தவறாமல் உனக்கு எழுதிப் போட்டவளும் நான்.

எண்ணிப் பார்த்தேன். பூனை மூன்று படத்தில் இருக்கிறது. நான் ஒன்றிலும் இல்லை. பூனைமேல் எனக்கு வருத்தமில்லை, அதற்கு முகராசி.

கடைசிச் சுவர் முழுக்க ஒரே படம். சாப்பாட்டு மேஜை, அப்பாவின் முழங்கை, எதிரே காலி நாற்காலி. கீழே அட்டை: "நான் தொலைவில் இருந்த ஏழு வருடமும் இதில் அப்பா யாரையும் உட்காரவிடவில்லை." பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பொறந்தா இப்படி ஒரு மனுஷனுக்குப் பொண்ணாப் பொறக்கணும்" என்றார். "நானும் அவருக்குத்தாங்க பொறந்தேன்" என்று சொல்ல வந்தேன். வாயாடிக்கு அன்றைக்கென்று வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசலில் ஒரு வரி எழுதி வை: "தங்கை எழுதிய கடிதங்களிலிருந்து." பெயர்கூட வேண்டாம்.

வாயாடி

மார்ச் 30

வாயாடி,

இந்த முறை ஒரு பிழைகூட இல்லை. நிஜமாகவே கோபம் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அந்த வரியை வைக்க முடியாது. உனக்கு வீடு இருந்தது, அப்பா இருந்தார், பூனை இருந்தது. எனக்கு அத்தை வீட்டு மாடியறையில் உன் கடிதங்கள் மட்டும்தான் இருந்தன. மடிப்பு கிழியும்வரை படித்தேன். வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அது எப்படி என்னுடையது இல்லாமல் போகும்? நீ சொல்கிற வரியை வைத்தால், அந்த வீட்டில் நான் இல்லவே இல்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். பேட்டியெல்லாம் கொடுத்தாயிற்று.

மற்ற படங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். நாற்காலிப் படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதைக் காலியாக வைத்திருந்தது அப்பா எனக்கென்றே செய்தது. அதில் உனக்குப் பங்கில்லை. நீ கடையைக் கவனி.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

ஒரு வாரம் பேசாமல் கிடந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய், "என்ன, வீட்ல சத்தத்தையே காணோம்? டாக்டர்கிட்ட போவோமா?" என்கிறார்.

நாற்காலியைப் பற்றி அன்றைக்கு நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார். "அக்கா, உன் நாற்காளி காளியாகவே இருக்கிறது. அப்பா யாரையும் உட்கார விடமாட்டேன் என்கிறார்." ளகரத்தை லகரமாக்கி நூறு தடவை எழுதி அனுப்பச் சொன்னாய். அனுப்பினேன். நீ அன்றைக்கும் எழுத்தைத்தான் பார்த்தாய்.

அதற்கு முந்தின வாரம், "அப்பா என்னை மறந்துட்டாரா? இனிமே நான் சாப்பிடவே மாட்டேன்" என்று நீ எழுதியிருந்தாய். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொய். கொடுத்தேன். நீ சாப்பிட்டாய்.

நீ பஸ் ஏறிய மறுநாள் காலையே அப்பா, "அது சும்மாதானே கிடக்கு, நீ ஏறிக்கோ" என்றார். மேஜை எனக்கு எட்டவில்லை. தலையணையை இரண்டாக மடித்து அடியில் வைத்துத் தூக்கி உட்காரவைத்தார். ஏழு வருடத்தில் அந்தத் தலையணை அப்பளமாகிவிட்டது.

நாற்பத்திரண்டு வருடம் நான் யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் இது. என் வாய்க்கு இது பெரிய சாதனை. நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்னோடேயே போயிருக்கும்.

எத்தனையோ வருடம் நீ என்னைத் திருத்தினாய். இந்த ஒரு தடவை நான் திருத்துகிறேன். 'காளி' தப்பு. 'காலி'யும் தப்புதான் அக்கா. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை