வடக்குப் பக்கத்துக் கோடு

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் இங்கே சௌக்கியம் என்று எழுதிப் பழகிய கை, இன்று அதை எழுதக் கூசுகிறது. நீங்களும் அக்காவும் நலமா என்று எந்த முகத்தோடு கேட்பது?

நேற்று அக்கா போனில் பேசினாள். துளையிடும் கப்பலிலிருந்து உங்களை இறக்கிவிட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். துளையிலிருந்து எடுத்துப் பையில் கொண்டுவந்த இரண்டு பொட்டலம் பாறைத்தூளைத் தட்டில் கொட்டி, லென்ஸை வைத்துக்கொண்டு, வாயுவின் தடயத்தை எங்கே தவறவிட்டேன் என்று தேடிக்கொண்டே இருக்கிறீர்களாம். "அவரு கண்ணுக்கே ஏதோ ஆயிடுச்சோன்னு பயப்படுறாருடா" என்றாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ.

அத்தான், கடலுக்கடியில் எரிவாயு தங்க வேண்டுமானால், பாறை கவிழ்த்த சட்டி மாதிரி நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும். மூன்று பக்கம் மூடியிருப்பதைச் சர்வே பதிவுகளில் பார்த்தேன். வடக்கே பதிவே இல்லை. சர்வே கப்பல் அந்தப் பக்கம் போகவேயில்லை. தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு போடுவது வரைபடம் போடும் எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். மேலிடத்துக் கூட்டத்துக்கு முன்னால், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று, வடக்கேயும் மூடியிருப்பது உறுதி என்பதுபோல, அதை முழுக்கோடாக்கினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த வரைபடத்தை நம்பித்தான் துளை போட்டார்கள்.

தண்ணீர்தான் வந்தது. தூளில் எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை என்று நீங்கள் எழுதினீர்கள். வரைபடம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, தூளைப் பார்த்தவர்தான் கோட்டை விட்டிருப்பார் என்று விசாரணையில் பேசினார்கள். வரைபடம் சரிதானே என்று என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். என் அக்காவைக் கட்டியவர் என்ற நினைப்புகூட அந்தத் தலையை நிறுத்தவில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். பழைய வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், வடக்கே அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

மன்னிப்பை நேரில் வந்து கேட்கிறேன், அக்கா கதவைத் திறந்தால். இப்போதைக்கு லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள், அத்தான். அந்தத் தூளில் எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது சரி.

தலைகுனிவுடன்,
உங்கள் மைத்துனன்