மாரியின் கையும் முதல் அடியும்

மிங்கலா தாங்ஞுன்ட், ரங்கூன்
18.11.1997

அன்பு மகன் தனசேகரனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். நீ சுலைமான் பாயிடம் கொடுத்தனுப்பிய பணம் வந்து சேர்ந்தது, கணக்கில் எழுதிவிட்டேன். அவர் நாளைக் காலை மறுபடி சிங்கப்பூர் வருகிறார், இதையும் அவர் கையில்தான் கொடுக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டார். கரண்டு எப்போது வரும் என்று தெரியாமல் தண்ணீர் மோட்டாருக்குக் காத்திருந்தே எனக்குப் பாதி நாள் போகிறது. நேற்று கார்த்திகை முதல் சோமவாரம், விரதம் இருந்து கோயிலுக்குப் போய் வந்தேன், திரும்பி வந்ததும் படுத்துவிட்டேன். அலுப்புதான், வேறொன்றும் இல்லை, நீ பயப்படாதே.

இப்போது உன் தம்பி விஷயம். தீபாவளிக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்ததிலிருந்து மாரிச்சாமி டிரம் குச்சியைத் தொடவில்லை, ஓட்டல் பேண்டுக்கும் போகவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஓட்டலில் ஃபங்க் இசை வாசிக்கச் சொன்னதும், அண்ணன் அங்கே பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் ஆயிற்றே என்று உன்னிடம்தான் கேட்டான். நீயும் கேசட் அனுப்பி விவரமாக எழுதினாய், எனக்கும் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் சர்ச்சில் கைதட்டிப் பாடினது, துக்கத்தில் பாடின ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் கலந்து சோல் என்று ஆகி, அதிலிருந்து அறுபதுகளில் கிளைத்தது இது என்று எழுதியிருந்தாய். முன்பெல்லாம் நாலு அடியில் இரண்டாவதும் நாலாவதும்தான் ஓங்கி நின்றதாம், இவர்கள் பெரிய கனத்தை முதல் அடியில் இறக்கி, நடுவில் உள்ள இடத்தையெல்லாம் பொடிப்பொடியாய்த் தட்டி நிரப்பினார்களாம். மெட்டு எங்கும் ஓடாது, ஒரே இடத்தில் சுற்றும், பேஸ் கிட்டார் இழுத்துப் போகும், இன்னொரு கிட்டார் கம்பியை அமுக்கிச் சுரண்டும், ட்ரம்பெட் வெட்டி வெட்டி ஊதும், எல்லா வாத்தியமும் மேளமாகிவிடும். அப்பா கேட்டுவிட்டு, என்னடா இது ஷண்டிங் எஞ்சின் மாதிரி, போகவும் மாட்டேங்குது நிக்கவும் மாட்டேங்குது என்றார். மாரி சிரித்துக்கொண்டு, அதுதாம்ப்பா அதோட அழகே என்றான். எனக்கு முதலில் தலைவலிதான் வந்தது, பிறகு ஒருநாள் அரிசி புடைக்கிற கை தானாக அந்தத் தாளத்துக்குப் போனதைப் பார்த்து, அம்மாவையும் பேண்டுல சேத்துக்கலாம் என்று கேலி செய்தான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பழகிப் பழகி, பேண்டோடு வாசித்ததைப் பதிவு செய்து ஆசையாய் உனக்கு அனுப்பினான். தீபாவளிக் கடிதத்தில் நீ என்ன எழுதினாய். இது ஃபங்க் இல்லை, கனமெல்லாம் கடைசி அடியில் விழுகிறது, உன் கை பர்மாக்காரன் கை, விட்டுவிடு என்று எழுதினாய். விழுகிற இடம் தப்பு என்பதை நான் மறுக்கவில்லை. பகோடா திருவிழாவில் பர்மியச் சைங் மேளக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதானே அவன் தட்டிப் பழகினான், அங்கே சின்ன மணி முன்னால் ஒலிக்க, மூங்கில் கட்டை கடைசியில்தான் ஓங்கி விழும், கேட்கிறவர்களும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். பேண்டுத் தலைவர் கோ ஜோ வின்கூட, ஏய் மாரி, நீ பாட்டை வரவேற்க வர்றதே இல்ல, வழியனுப்பத்தான் வர்ற என்றார். இவனும் சிரித்தான், மறுநாளும் வாசிக்கப் போனான். அண்ணன் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். சொல் ஒன்றுதான், வந்த வாய் வேறு.

கோ ஜோ வின் முந்தாநாள் வீட்டுக்கே வந்தார். மாதக் கடைசிக்குள் வந்தால் அவன் இடம் அவனுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிப் போனார். மாரியைக் கேட்டால், அலோன் துறையில் கப்பல் சமையலுக்கு ஆள் எடுக்கிறாங்க, போறேன் என்கிறான். அப்பாவோ, போடா, மேளச் சத்தம் இல்லாம என் காதாவது பொழைக்கும் என்றார், சொல்லிவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தார். நீ போன பிறகு இந்த வீடு எப்படி ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. இவனும் கடலேறிவிட்டால் நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கரண்டு வரக் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், தப்பென்றால் விடு. அந்தச் சர்ச் மனிதர்கள் இந்தப் பாட்டுக்கு வரும்போது கையைக் கழற்றி வைத்துவிட்டா வந்தார்கள், பழகின கையோடுதானே வந்தார்கள். உன் தம்பியும் அவன் கையோடு வந்திருக்கிறான், முதல் அடி மெல்லப் பழகும், அதற்குள் விடச் சொன்னாயே. நீயும் இந்தத் தெருவில் பிறந்தவன்தான் தனசேகரா, பர்மாக்காரன் என்பது உனக்கு எப்போது வசவாயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் வீட்டுக்குப் போன் செய். ஏதாவது சாக்குச் சொல்லி அவனை அங்கே அழைத்து வந்து வைத்திருப்பேன். கந்தன் உங்கள் இருவருக்கும் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், விபூதி மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. யார் பேசுவது என்று சொல்லாமல் போனை அவன் கையில் கொடுத்துவிடுவேன். உன் குரலைக் கேட்டதும் அவன் வாய் திறக்காமல் நிற்பான், எவ்வளவு நேரம் நின்றாலும் நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
பொ. செல்லக்கண்ணு