மூக்கு வயரில் வைத்த ஈயம்

தருமபுரி,
12-2-1989

முனாப்புக்கு,

உடம்பு எப்படி என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மகள் வீட்டில் நன்றாகத்தான் இருப்பாய். அன்றைக்கு சவுரியப்பன் முன்னால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், இடுக்கியை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். வாயால் சொல்ல முடியாததைத் தபாலிலாவது சொல் என்றுதான் எழுதுகிறேன்.

சவுரியப்பன் வண்டி நம் பட்டறையில் அப்படியே நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வண்டிக்குத் தருமபுரியில் புழுதி படிகிறது. தொப்பூர் கணவாய் ஏறும்போது பின்னால் வந்த லாரிக்காரன், "ரயில் எஞ்சினை எதுக்குங்க ரோட்டுல ஓட்டறீங்க?" என்று கேட்டானாம். அவ்வளவு கரும்புகை. எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது. பிளக்குகளைக் கழற்றினேன், நான்கும் கரி. பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. அப்படியானால் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார், நாம் மூக்கு என்று சொல்வது. புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. இந்த மூக்கு பொய் சொல்கிறது.

பழைய மூக்கிலும் நான்தான் ஈயம் வைத்து வயரைப் பற்றவைத்தேன். எட்டு மாதம் ஓடியது. அதன் பிறகு நம் ஊர் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாமல் செத்தது. சவுரியப்பனின் தம்பி அமெரிக்காவிலிருந்து புதிதாக ஒன்று அனுப்பினார். அதே வண்டி, அதே கை, அதே ஈயம். பத்தே நாளில் இது சாவதென்றால் என்ன அர்த்தம்? நீயே சொல்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். பார்சல் வந்த அன்று பெட்டியை நீ வூட்டுக்கு எடுத்துப் போனாய். மறுநாள் காலையில் கொண்டுவந்தபோது மேலே ஒட்டியிருந்த டேப் வேறு டேப். அதே வாரம்தான் உன் மகள் குல்ஷனும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனுக்கு பெங்களூரில் வெளிநாட்டு வண்டிப் பட்டறையில் வேலை. அங்கே இப்படி ஒரு மூக்குக்காக எத்தனை வண்டி காத்துக் கிடக்கும்? புதியதை எடுத்துக்கொண்டு, துடைத்து மினுக்கிய பழையதை எனக்குக் கொடுத்தாயா? இதைத்தான் அன்றைக்குக் கேட்டேன். திருடாதவன் எதற்கு பஸ் ஏறுகிறான்?

இருபத்திரண்டு வருடம் ஒரே தூக்குப் போசியில் சோறு தின்றோம் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சுட்டுக்கொண்டு கற்ற கை இது. என் இணைப்பு விட்டுப்போனதாக இந்த ஜில்லாவில் ஒரு டிரைவர் சொல்லட்டும்.

வீட்டில் காவேரி உன்னையும் ரஹமத் பீவியையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

கிருஷ்ணப்பன்

தருமபுரி,
5-3-1989

முனாப்புக்கு,

உன் கார்டு வந்தது. என் இரண்டு பக்கத்துக்கு உன் பதில் ஒரே வரி. "ஈயத்துக்கு முன்னால வெட்டி, மீட்டர் வெச்சுப் பாருங்கண்ணே." கையெழுத்து குல்ஷனுடையது. சலாம் இல்லை, விசாரிப்பு இல்லை. இதிலும் ஏதோ சூழ்ச்சி என்றுதான் நினைத்தேன். நான் வெட்டினால், வெட்டியதால்தான் கெட்டது என்பாய். அதனால் சவுரியப்பனைச் சாட்சிக்கு வரச் சொன்னேன். செத்த மூக்கில் முள் ஆடாது, உன் வேலை அவர் கண் முன்னாலேயே வெளிப்படும் என்று இருந்தேன்.

எஞ்சினைச் சூடாக்கினோம். முதலில் ஈயத்துக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் வயரில் மீட்டர் வைத்தேன். முள் தூங்கியது. "பாத்துக்கங்க" என்றேன். பிறகு ஈயத்தை ஒட்டி மூக்குப் பக்கமாக வெட்டி, அந்த முனையில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முள் மெல்ல எழுந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முடிச்சவிழ்த்த கன்றுக்குட்டி போல ஆடியது.

சவுரியப்பன் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, செத்ததுன்னு சொன்னீங்க. இது நல்லா மூச்சு வுடுதுங்களே?" என்றார்.

நான் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினேன். அப்போதும் ஆடியது.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் தாள் ஈயக்கம்பிச் சுருளுக்கு அடியில் கிடந்தது. நான்தான் அங்கே போட்டேன். சவுரியப்பனின் மனைவி தெரசாவிடம் கொடுத்தேன், டீச்சர் அல்லவா. பழைய மாதிரி மூக்கில் உடம்பிலேயே சின்னத் துளை உண்டாம். புது மாதிரியில் தண்ணீர் போகக்கூடாதென்று அதை அடைத்துவிட்டார்களாம். புகையோடு ஒத்துப் பார்க்க அதற்கு வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்று வயருக்கு உள்ளே, செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் போகிறதாம். ஈயம் வைக்காதே, கிரீஸ் தடவாதே, இரண்டு முனையையும் கிளிப்புக்குள் விட்டு இடுக்கியால் அமுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். என் ஈயம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஒரு இழை விடாமல் இறங்கியிருக்கிறது. அதுதான் அதன் மூச்சை அடைத்திருக்கிறது.

என் வேலையில் குறை இல்லை. அதைத் திருப்பியும் சொல்கிறேன். மூக்கை இப்படிச் செய்தவன்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாளாக அதுதான் அரிக்கிறது. பெட்டியை நீ வூட்டுக்கு எடுத்துப் போனது குல்ஷனிடம் இந்தத் தாளைப் படித்துக் கேட்கத்தானா? மறுநாள் நீ பெட்டியில் வந்த கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "அண்ணே, இதுக்கு ஈயம் வேணாங்குது, தாள்லயே போட்டுருக்குது" என்றாய். நான், "கிள்ளற வேலையைக் கீரைக்காரம்மா பாத்துக்கும், நீ நகுரு" என்றேன். பட்டறைக்கு எதிரே மாது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்கு மேல் ஏன் சண்டை போடவில்லை? இருபத்திரண்டு வருடத்தில் எதற்கெல்லாமோ என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாய். அன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை? சவுரியப்பன் முன்னால் நான் அப்படிக் கேட்டபோதாவது இந்தத் தாளை எடுத்து என் மூஞ்சியில் எறிந்திருக்கக் கூடாதா? நான் கேட்டதையே தாங்க முடியாமல் போனாயா? இதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் படிக்க எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

நேற்று மாது கடைக்குப் போனேன். எத்தனை பேர் சிரித்தார்களோ அத்தனை பேரும் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். வெட்டிய வயர்த் துண்டை மேசையில் வைத்து, "ஈயம் வெச்சது நானு. வேணாம்னது முனாப்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை.

வயரின் இரண்டு முனையும் திறந்தபடி கிடக்கின்றன. சவுரியப்பன் வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்றார். முனாப் வந்து அமுக்குவான், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றேன். எப்ப வருவாருங்க என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். கிளிப் என்னிடம் இருக்கிறது. இடுக்கி உன்னிடம் இருக்கிறது.

ரஹமத் பீவியும் குல்ஷனும் சுகமாக இருக்கட்டும். உன் மருமகனுக்கு வேலை மேல் வேலை வரட்டும். பஸ் ஸ்டாண்டில் நான் வந்து நிற்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். அந்த இடுக்கியை மட்டும் மறக்காமல் கொண்டுவா.

கிருஷ்ணப்பன்