அறுந்தது எந்த இடத்தில்

இன்று மாலை கூடம் முழுக்க ஸ்பிரிட் வாசனை. லைன் சரிசெய்ய வந்த அண்ணன், முடியைப் போல மெல்லிசான அந்தக் கண்ணாடி இழையின் நுனியை, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசி போடும் முன் ஆஸ்பத்திரியில் வருகிற அதே வாசனை. பாப்பா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எனக்கோ நீ வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது போல் இருந்தது.

இப்போது பாப்பா தூங்குகிறாள். காலையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு பாப்பாவுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஒரு முறையோடு நிற்கவில்லை. திருச்சியில் பார்த்த மருத்துவர் தினமும் கொடுக்கச் சொல்லி மருந்து எழுதினார். கொடுத்தால் பிள்ளை பாதி நாள் மந்தமாகக் கிடப்பாள். கொடுக்காமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உன்னை ஒரு காய்ச்சல் கொண்டுபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். தலைக்கு எடுத்த சோதனையைப் பார்த்துவிட்டு, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று இன்று பதினொரு மணிக்கு வீடியோவில் சொல்வதாக இருந்தார் மருத்துவர். தவறவிட்டால் அவர் வெளிநாடு போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பத்து மணி வாக்கில் நெட் போய்விட்டது.

மாடிக்கு ஓடினேன். இந்த வீட்டின் கனத்த சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் வராது என்பது உனக்குத் தெரியும். மாடி மூலையில் மட்டும் பேசுகிற அளவுக்குக் கொஞ்சம் வரும். கை தானாக உன் பெயரைத் தேடி அழுத்தியது. கல்லூரி லேபில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து, எது நின்றுபோனாலும் உன்னைத்தானே கூப்பிடுவேன். படிப்பு முடிந்த கையோடு நீ உன் சித்தப்பாவின் கேபிள் ஆபீசில் நுழைந்து, இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இணையம் இழுத்தாய். நான் கல்யாணமாகி உன் லைனிலேயே ஒரு வீடாக வந்து சேர்ந்தேன். "ரெண்டு பேரும் ஒரே டிகிரிதானடி படிச்சோம். நீ பரீட்சை ஹால்லயே வச்சிட்டு வந்திட்டியா?" என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே வருவாய்.

மணி அடித்தது. உன் எண்ணை உன் அம்மா இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். அந்த எண்ணுக்கு வழி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போய்ச் சேருமிடத்தில் நீ இல்லை, அவ்வளவுதான். இதற்கு முன்னால் என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். இன்று அந்த மூலையில் நின்றபோது அந்த ஆயுத பூஜைதான் நினைவுக்கு வந்தது.

பாப்பா அப்போது கைக்குழந்தை. அன்றும் இதே மூலையில்தான் நின்றிருந்தேன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருந்து இவர் காலையில் கூப்பிடுகிறேன் என்றவர், மதியம் வரை கூப்பிடவில்லை. என் மனசு கிரேன் அறுந்து விழுவது வரை போய்விட்டது. உன்னைக் கூப்பிட்டேன். பூஜை நாள் என்றும் பார்க்காமல் நீ ஸ்கூட்டியில் வந்து இறங்கினாய்.

"மோடம் எங்கடி?"

இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிள்ளையோடு மல்லுக்கட்டியதில் நான் கவனிக்கவே இல்லை. சாமி ரூமில் அரிவாள், மண்வெட்டி, கத்தரிக்கோல் வரிசையில் அதுவும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. தலையில் ஒரு சாமந்திப் பூ. பிடுங்கி எடுத்த ஒயரின் நுனியிலும் மறக்காமல் ஒரு பொட்டு.

"இன்னைக்குக் கருவி எல்லாத்துக்கும் ஓய்வுதானத்தா," என்றார் என் மாமியார். "இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராவும் பகலும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டுக் கெடக்கு."

நீ சிரித்த சிரிப்பில் பாப்பா பயந்து அழுதாள். "அம்மா, அருவா ஓய்வெடுத்தா நெல்லு காத்திருக்கும். இது ஓய்வெடுத்தா சிங்கப்பூர்ல ஒங்க மகன் அழுவாரு. இந்த ஒயருக்குள்ள இருக்கிறது முடி கனத்துக்குக் கண்ணாடி. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. அந்த வெளிச்சத்துலதான் அவரு வர்றாரு."

"நல்ல நாள்ல பொட்டு வச்சா குத்தமா?"

"பெட்டி மேல வைங்க. கண்ணுக்குள்ள வைக்காதீங்க."

சந்தனத்தை ஸ்பிரிட்டால் துடைத்தாய். ஒயரைச் செருகினாய். விளக்கு பச்சையான பிறகும் உடனே எழவில்லை. மடிக்கணினியைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் இயந்திரத்தை "இருக்கியா?" என்று கேட்டாய். முதலில் நம் வீட்டு மோடம். அடுத்து உன் திருமயம் ஆபீஸ். அப்புறம் திருச்சி, சென்னை, கடலுக்கடியில் போய் சிங்கப்பூர். ஒவ்வொன்றும் "இருக்கேன்" என்று ஒரு வரி பதில் அனுப்பியது.

"பாத்தியா? மொத்தமா 'நெட் போச்சு, நெட் போச்சு'ன்னு பதறாத. நெட்டுன்னு தனியா ஒரு பொருளே இல்லடி. இந்த மெஷின் அடுத்த மெஷினோட கை கோத்து நிக்கிது, அது அடுத்ததோட. எந்தக் கை விட்டுச்சுன்னு மட்டும் பாரு. உன் வீட்டுல இருந்து ஆரம்பி. சிங்கப்பூர்ல இருந்து ஆரம்பிக்காத."

சொல்லி முடிக்கும் முன் இவர் கூப்பிட்டுவிட்டார். காலையிலிருந்து எங்களைப் பிடிக்க முடியாமல் அங்கே அவர் பதறியிருக்கிறார். படம் பாதியில் உறைந்து, வாய் கோணிக்கொண்டு நின்றார். அத்தை கவலைப்பட்டார். நீ விடவில்லை. "தாய்மாமன் சீர் கொண்டுபோவோம்ல, அம்மா. எல்லாத் தட்டும் ஒரே வண்டியிலயா போகுது? கொஞ்சம் வேன்ல, கொஞ்சம் பஸ்ல. தட்டுல நம்பர் போட்டிருந்தா மண்டபத்துல வரிசையா எடுத்து வச்சுக்கலாம். ஒங்க மகன் மூஞ்சியும் அப்படித்தான் துண்டு துண்டா வருது. எழுத்துல வர்ற சேதின்னா, வராத தட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிரும். வீடியோவுக்கு அவசரம், காத்திருக்காது. மீசைத் தட்டு இன்னும் திருச்சி தாண்டல போல."

அத்தை அன்று உனக்கு இரண்டு பங்கு பொரி கட்டிக் கொடுத்தார்.

இன்று காலை நான் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். மோடத்துக்குக் கரண்ட் இருந்தது. ஆனால் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதாவது, இழை வழியாக வெளிச்சம் வரவில்லை. ஒயர் நுனி இறுக்கமாகத்தான் இருந்தது. எதிர் வீட்டில் கேட்டேன், அங்கும் சிவப்பு. அப்படியானால் அறுந்தது எங்கள் வீட்டில் இல்லை. தெருமுனைக்கு நடந்தேன். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, கறுப்பு ஒயரை இரண்டாகப் பிய்த்துப் போட்டிருந்தது. ஆபீசுக்குச் சொன்னேன். சாயங்காலம்தான் ஆள் வர முடியும் என்றார்கள்.

இடம் தெரிந்ததும் என் பதற்றம் அடங்கிவிட்டது. அதுதான் எனக்கே ஆச்சரியம். இந்த வழி அடைத்தால் இன்னொரு வழி. செல்போனுக்கு ஒயர் எதற்கு? டவர் கண்ணுக்குத் தெரிகிற இடம் வேண்டும், அவ்வளவுதான்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல எங்கிட்டுத்தா போற?"

"மெயின் ரோட்டுக்கு, அத்தை. டாக்டரப் பாக்க."

"டாக்டர் மெயின் ரோட்டுலயா நிக்கிறாரு?"

"அங்க நின்னா தெரிவாரு."

நெடுஞ்சாலைப் பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். மருத்துவர் திரையில் வந்தார். வந்த வேகத்தில் உறைந்து நின்றார். நான் அலறவில்லை. என் பக்கத்துப் படத்தை நிறுத்தினேன், அவரையும் நிறுத்தச் சொன்னேன். குரலுக்குச் சில தட்டுகள் போதும். குரல் தெளிவாக வந்தது.

"எங்கம்மா இருக்கீங்க? பஸ் சத்தமா கேக்குது."

"பஸ் ஸ்டாப்ல இருக்கேன், டாக்டர். வீட்டுக்கு வர்ற லைன் தெருமுனையில கட்டாயிருச்சு."

"பரவாயில்ல. பாப்பாவ மட்டும் ஒரு நிமிஷம் காட்டுங்க. ஓடச் சொல்லுங்க."

படத்தைப் போட்டேன். பாப்பா ஓட மாட்டேன் என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. அதற்கு டாட்டா காட்டிக்கொண்டே நிழற்குடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். மருத்துவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கா. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்திருவோம். காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு எழுதி அனுப்புறேன்."

அவர் எழுதியது கொஞ்ச நேரத்தில் வந்தது, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

சாயங்காலம் அந்த அண்ணன் தெருமுனையில் ஒயரை இணைத்துவிட்டு, எங்கள் வீட்டு நுனியையும் துடைத்துச் செருகிப் பார்த்துப் போன பிறகும், எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் வரவில்லை. மலேசியாவில் இருக்கும் மகன் கூப்பிடும் நேரம். கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"என்னன்னே தெரியலத்தா. எல்லாம் போச்சு."

"எல்லாம் போகலக்கா. என்ன கலர் வெளக்கு எரியுது, அத மட்டும் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அதட்டலும் சிரிப்புமாக வந்த அந்தக் குரல் என் தொண்டையில் இருந்துதான் வந்தது. போய்ப் பார்த்தால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் செருகியிருந்தார். நீ இருந்திருந்தால் சட்னி கேட்டிருப்பாய்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. மருந்து குறையப் போகிற நாட்களை இப்போதே காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டேன். இன்று இரவும் இடையில் விழித்துக்கொள்வேன், பாப்பாவின் நெற்றியைத் தொடுவேன். நேற்று வரை, தொடும் முன்பே என் மனசு கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். இனிப் பக்கத்தில் இருந்து ஆரம்பிப்பேன். சுடுகிறதா? இல்லை. மூச்சு? சீராக வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்? தூக்கத்திலேயே "ம்" என்பாள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.