சிப்பிவாய் மேட்டின்மேல் மண்வெட்டி விழலாகாது

மழை பொய்யாதிருக்க. உழவரின் ஏரும் பரதவரின் வலையும் வெறுமையாய்த் திரும்பாதிருக்க. மருதவேலி நாட்டுப் பதினெட்டுக் கோட்டங்களுக்கும் முடியுடையாளும், கோட்டுமலைக் கோட்டைக்கு அதிபதியும், இருகரைக் காவலி என்று குடிகளால் அழைக்கப்பெறுபவளுமான அவனிநங்கை, தன் அரசின் மாளிகைப் பணிகளுக்குத் தலைமை பூண்டவரும், கல்லையும் மரத்தையும் சொற்கேட்க வைக்கும் கைத்திறம் உடையவரும், இந்நாளில் சிப்பிவாய்க் கடற்கரையில் தங்கியிருப்பவருமான அமைச்சர் நக்கன் காரியாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் இல்லத்தாருக்கும், உம்மோடு வெயிலில் நின்று உழைக்கும் தச்சருக்கும் கொத்தருக்கும் நலம் உண்டாகுக.

உமது ஓலை வந்தது. இருமுறை படித்தேன். முதன்முறை மகிழ்ச்சியோடும், இரண்டாம் முறை கோபத்தோடும் படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் நடந்தது என்னவென்று அறியாமல் நீர் திகைக்க வேண்டாம்; அதைச் சொல்லவே இவ்வளவு நீளமாய் எழுதுகிறேன்.

சிப்பிவாயில் விடுதிகள் பதினாறு ஆகிவிட்டன என்றும், ஏழு நாட்டுச் செல்வர்கள் கடற்காற்று வாங்க வந்து போகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். ஊருக்கு நடுவே இருக்கும் மணல்மேட்டை வெட்டிச் சமனாக்கி, அங்கே விருந்தினர் ஆடல் பாடல் காண நூற்றுக்கால் மண்டபம் எழுப்ப என் இசைவைக் கேட்டிருந்தீர். அம்மேட்டில் ஊரார் நட்டிருக்கும் பனங்கழியும், அதன் உச்சியில் அவர்கள் கட்டிப் பறக்கவிடும் கந்தல் துணியும் விருந்தினர் கண்ணை உறுத்துகின்றன என்றும் குறைப்பட்டிருந்தீர். மேட்டில் நிற்கும் பெண்ணுக்கு வேறிடம் தந்துவிடலாம் என்பதும் உமது கருத்து. முதன்முறை படித்தபோது அதுவும் சரிதான் என்று தலையசைத்தவள் நான்தான்.

காரியாரே, அவ்வூரை உமக்குக் காட்டியவளே நான் அல்லவா? எட்டாண்டுகளுக்கு முன் நெஞ்சுச்சளி முற்றி நான் இளைத்துக் கிடந்தபோது, உப்புக்காற்று வேண்டுமென்று மருத்துவர் சொல்ல, பல்லக்கில் சிப்பிவாய் சென்றேன். அப்போது அங்கே விடுதியும் இல்லை, மாடமும் இல்லை. ஓலைக்குடிசை ஒன்றில் நாற்பது நாள் கிடந்தேன். திரையன் என்னும் ஓடக்காரர் நாள்தோறும் நண்டுச்சாறு கொண்டுவந்து வாசலில் வைப்பார். நான் அரசி என்பதற்காக அவர் குழைந்து பேசியதில்லை. முகம் சுளித்தால், “குடிங்க தாயே, காரமாத்தான் இருக்கும், குடிச்சாத்தான் எந்திரிப்பீக” என்பார். எழுந்தேன். தலைநகர் திரும்பி, கண்ட பேரிடமெல்லாம் அவ்வூரின் புகழைப் பாடினேன். அவைப்புலவர்கள் பாடினார்கள், படைத்தலைவர்கள் குடும்பத்தோடு போனார்கள், அவர்கள் சொல்லக் கேட்டு அயல்நாட்டாரும் வந்தார்கள். அவ்வூரின்மேல் நான் வைத்த ஆசைதான் அங்கே முதல் கல்லாய் விழுந்தது.

அதனால் வந்தது முழுவதும் கேடு என்று நான் சொல்லவில்லை. மீன் பொரித்து விற்கும் பெண்கள் மண்சுவர் வைத்து வீடு கட்டிக்கொண்டதை என் கண்ணாலேயே கண்டேன். ஆனால் கருவாடு காய்ந்த களம் தேர் நிறுத்தும் இடமானது. நாற்றம் பொறுக்கவில்லை என்று விருந்தினர் முறையிட, கருவாட்டைக் காததூரம் தள்ளிக் காயவைக்கச் சொல்லி ஆணையிட்டோம். விடியலில் வலை இழுப்போர் பாடும் பாட்டு உறக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு தளபதியின் மனைவியார் சொன்னதற்காக, வாயை மூடிக்கொண்டு வலை இழுக்கச் செய்தோம். பாட்டில்லாமல் எல்லாக் கையும் ஒன்றாய் இழுப்பது எப்படி என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இனி, உமது ஓலையை நான் இரண்டாம் முறை எடுத்துப் படித்த காரணத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் காலை, சிப்பிவாயிலிருந்து நான்கு நாள் நடந்து ஒரு பெண் கோட்டை வாயிலுக்கு வந்தார். கால் வீங்கியிருந்தது. பெயர் பவழாயி. சென்ற கார்த்திகையில் கடல் கொண்டுபோன திரையனின் மனைவி அவர். அம்மேட்டில் நின்று ஓடங்களுக்குத் துணி காட்டுபவரும் அவரே. நீர் வேறிடம் தரலாம் என்று எழுதிய பெண் அவர்தான். அவர் பேச்சை நம் ஓலைநாயகம் செந்தமிழாக்கி எழுத முனைந்தார். வேண்டாம், அவர் வாயில் வந்தபடியே இருக்கட்டும் என்று தடுத்தேன். ஆகவே அவர் சொற்கள் இவ்வோலையில் அப்படியே இருக்கின்றன.

மேட்டை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், அதை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றும் கேட்டார். நாம் கட்டிய கடல்நோக்கு மாடத்தின்மேல் நின்று துணி காட்டினால் ஆகாதா என்று வினவினேன். அதற்கு அவர் தரையில் விரலால் கோடு கிழித்துக் காட்டினார். ஊருக்கு முன்னே கடலுக்குள் நீளமாய் ஒரு மணல்திட்டு மறைந்து கிடக்கிறதாம். அதில் ஓடம் நுழைய ஒரே ஒரு திறப்பு உண்டாம். அத்திறப்புக்கு நேர் எதிரே இருப்பது அந்த மேடுதானாம். மேட்டை நேரே பார்த்து ஓட்டினால் திறப்பில் நுழையலாம். பத்து முழம் தள்ளிப் பார்த்து ஓட்டினால் திட்டில் மோதலாம். “மேட்டுல இருக்குறவளுக்குத்தான் அலை முறியுறது தெரியும் தாயே. வெள்ளை காட்டுனா உள்ள வா. செவப்பு காட்டுனா வெளியவே நில்லு. கடல்ல இருக்குறவனுக்கு மூஞ்சி தெரியாது, துணிதான் தெரியும். யாரு காட்டுறான்னு பாக்க மாட்டான். கரையில துணி ஆடுனா அது சொன்னபடி செய்வான்” என்றார்.

அவ்வளவில் நான் நிறுத்தியிருக்கலாம். மேட்டை விட்டுவிடுகிறோம் என்று சொல்லி, சேலை கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் கையில் பிடித்திருந்த வெற்றிலை கீழே விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

காரியாரே, சென்ற கார்த்திகையில் ஒரு பிற்பகல் நான் சிப்பிவாயில் இருந்தேன், உமக்கு நினைவிருக்கும். கடல்நோக்கு மாடத்தின் மேல்தளம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அம்மாடத்தை முதலில் ஒரு தளமாகத்தான் கட்டியிருந்தீர். ஓடங்கள் வருவதைத் தொலைவிலேயே காண வேண்டும், இன்னும் உயர்த்தும் என்று உம்மை நச்சரித்தவள் நான். அன்று மேல்தளத்தில் நின்று பார்த்தேன். திட்டுக்கு வெளியே நான்கு ஓடங்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றின் பாயில் பழுப்பு ஒட்டுத் தெரிந்தது. அது திரையனின் ஓடம். என்னை நண்டுச்சாறு குடிக்க வைத்த மனிதரைக் கண்ட மகிழ்ச்சியில், தோளில் கிடந்த வெண்துகிலை எடுத்து வீசினேன். நெடுநேரம் வீசினேன். அவ்வோடம் மட்டும் முகம் திருப்பி என்னை நோக்கி வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று தோழியரிடம் பெருமை பேசினேன்.

அலை புரட்டியதை நீரும் பார்த்தீர். ஓடத்தில் இருந்த மூவரில் இருவர் கரையேறினர். திரையனின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது என்று தலைநகரில் இருந்தபோது கேள்விப்பட்டேன். கடலைப் பழித்தேன், அழுதேன். அவர் மனைவிக்கு என் இரங்கலாய் வெண்பட்டு அனுப்பினேன். வெண்பட்டு, காரியாரே.

பவழாயியிடம் கேட்டேன்: அன்று மேட்டில் எந்தத் துணியைக் காட்டினீர்கள் என்று. “செவப்புதான் தாயே” என்றார். அப்படியிருக்க திரையன் ஏன் உள்ளே வந்தார் என்று கேட்டேன். அவர் தரையில் தாம் கிழித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன். பிறகு மெல்லச் சொன்னார்: “மாடம் ஒசந்துபோச்சுல்ல. மத்த ஓடமெல்லாம் தள்ளி நின்னுச்சு, அவுகளுக்கு நான் தெரிஞ்சேன். நான் மேட்டுல நின்னது வீட்டுக்காரர் கண்ணுக்குப் பட்டிருக்காது. மாடத்துல ஆடுன வெள்ளைதான் பட்டிருக்கும்.”

தன் கணவனுக்கு வராதே வராதே என்று அவர் சிவப்பை வீசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் என் மாடம் நின்றது. அதன்மேல் நின்று நான் வா வா என்று வீசிக்கொண்டிருந்தேன்.  

வீசியது நான் என்று தெரியுமா என்று கேட்டேன். ஊருக்கே தெரியும் என்றார். பதினொரு மாதமாய் எவரும் மூச்சுவிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் காற்று மாறிவிட்டது என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பனங்கழியை அதன் பிறகுதான் நட்டார்களாம், துணி மாடத்துக்கு மேலே தெரியட்டும் என்று. நமக்குக் கண்ணை உறுத்தும் கந்தல் அதுதான். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் தந்த மறுமொழி இது: “சொன்னா நீங்க வரமாட்டீக. நீங்க வராட்டி மத்தவுகளும் வரமாட்டாக. எங்க பொம்பளைக பொரிக்கிற மீன அப்புறம் யாரு வாங்குவா? அது ஒண்ணு. இன்னொண்ணு, ஆசையாத்தான வீசுனீக. வீட்டுக்காரர் இருந்தா அவரே உங்களக் கோவிச்சிருக்க மாட்டாரு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அவைக்கூடம் என்றும் பாராமல் அழுதேன். அவர் எழுந்துவந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். கணவனை இழந்தவர் அவர், தேற்றப்பட்டவள் நான். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? என்ன வேண்டும் என்று கேட்டபோதும் மேட்டைத் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

உம்மேல் பழிபோட்டு நான் தப்பிக்க மாட்டேன். ஆயினும் கோபத்தை மறைக்கவும் மாட்டேன். நிலத்தை அளந்தீர், காற்றை அளந்தீர், விருந்தினர் கண்ணுக்கு எது இனிக்கும் என்று அளந்தீர். கடலிலிருந்து பார்ப்பவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு நாளாவது ஓடத்தில் ஏறிப் பார்த்தீரா? நானும் பார்க்கவில்லை. எட்டாண்டாய்க் கரையிலிருந்து கடலை மட்டுமே பார்த்திருக்கிறோம்.

ஆகவே இது நம் ஆணை. மேட்டின்மேல் ஒரு மண்வெட்டியும் விழலாகாது, மண்டபம் வேண்டாம். கார்த்திகைக் கடல் கொந்தளிக்க இன்னும் இருபதே நாள் இருக்கிறது. அதற்குள் கடல்நோக்கு மாடத்தின் மேல்தளத்தை முற்றிலும் இறக்கிவிட வேண்டும். உயர்ந்த வேலைப்பாடு என்று தயங்க வேண்டாம். கட்டச் சொன்ன வாய்தான் இறக்கச் சொல்கிறது. இறக்கும் தேக்கு மரம் ஊராருக்கு, ஓடம் கட்டிக்கொள்ளட்டும். பணி முடிந்த அன்று நீரே ஓர் ஓடத்தில் ஏறித் திட்டுக்கு வெளியே சென்று, மேட்டில் நிற்பவர் தலைமுதல் கால்வரை தெரிகிறாரா என்று பார்த்து எனக்கு எழுதும். தெரியாவிட்டால் கீழ்த்தளத்தையும் இறக்கும். கருவாட்டுக் களத்தைத் திருப்பிக் கொடும். தேர்களைக் காததூரம் தள்ளி நிறுத்தும். விடியலில் அவர்கள் வாய்விட்டுப் பாடட்டும். உறக்கம் கலைபவர் எழுந்து கடலைப் பார்க்கட்டும், அதற்குத்தானே வந்தார்கள்.

விடுதிகளை மூட வேண்டாம். பவழாயி அதை ஒருமுறைக்கு இருமுறை வற்புறுத்தினார். ஆனால் தங்க வருவோர் எவராயினும், எந்நாட்டு அரசராயினும், கடலை நோக்கித் துணி வீசலாகாது என்பதை வாயிலிலேயே சொல்லித்தான் உள்ளே விட வேண்டும். ஏன் என்று கேட்பவர்க்கு, மருதவேலி அரசி வீசியதால் ஒரு மனிதர் இறந்தார் என்று சொல்லும். பெயரை மறைக்க வேண்டாம்.

தை பிறந்ததும் நான் வருகிறேன். வரலாமா என்று பவழாயியிடம் கேட்டுத்தான் வருகிறேன். “வாங்க தாயே, மணல்ல நின்னு பாருங்க. கைய மட்டும் மடக்கி வச்சுக்கங்க” என்றார். அவரைப் பல்லக்கில் அனுப்பிவைக்கிறேன். மேட்டடிவரை நீரே எதிர்சென்று அழைத்துச் செல்லும்.

நம் ஆட்சி யாண்டு பதினான்கு, ஐப்பசித் திங்கள் பத்தாம் நாள், ஓலைநாயகத்திடம் கொடாமல் நானே எழுதினேன். இதைப் படித்து முடித்ததும் ஊர்மன்றில் உரக்கப் படிக்கச் செய்து, மூல ஓலையைப் பவழாயியிடம் ஒப்படைத்துவிடும்.

இதன் அடியில் கோட்டுமலை முத்திரையைப் பதித்திருப்பது என் வலக்கை. அன்று மாடத்தில் வெண்துகிலை வீசியதும் இந்தக் கைதான்.