எழுபத்தொன்பதில் இறந்தவர்

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கு மழை, இப்போது வாசலில் சகதி. கார் கண்ணாடியில் பனி சுரண்டும் பிளாஸ்டிக் உடைந்துபோயிற்று. புதிது வாங்க வேண்டும்.

சித்தப்பா கொடுத்த வேலை ஆரம்பம். கோதண்டம் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ். கும்பகோணம் வீட்டை ஃபிளாட் கட்டுகிறவரிடம் கொடுக்கப்போகிறார்கள். வீடு இன்னும் தாத்தா பேரில். அத்தை தன் பங்கை எப்போதோ அண்ணன்மாருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்று மகன்களில் அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட இருக்கிறார்கள். மூத்தவர் இல்லை என்பதற்கு வக்கீலுக்குக் காகிதம் வேண்டுமாம்.

பெரியப்பா படிக்க வந்து, இங்கே நியூ ஜெர்சியிலேயே 79-ல் கார் விபத்தில் போனவர். கல்யாணம் ஆகாதவர். எனக்கு அப்போது ஆறு வயது. கருமாதிப் பந்தியில் இன்னொரு வடை கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. அவர் முகம் ஞாபகம் இல்லை. கூடத்தில் மாலை போட்ட படம்தான்.

கூகுளில் கவுண்ட்டி டெத் ரெக்கார்ட்ஸ் என்று போட்டேன். வந்த முதல் ஆறு சைட்டும் மோசடி. பேரைப் போட்டதும் பச்சைக் கோடு ஒன்று ஓடுகிறது. 'உங்கள் உறவினர் கிடைத்துவிட்டார்' என்கிறது. உடனே கிரெடிட் கார்டு. சோதிப்பதற்காக என் பேரைப் போட்டுப் பார்த்தேன். செத்தவர்களில் நானும் கிடைத்துவிட்டேன். தூ.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் லீவு. கவுண்ட்டி ஆபீஸ். பார்க்கிங்குக்கு இருபது நிமிஷம், செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி உள்ளே போகப் பத்து நிமிஷம், வரிசையில் நாற்பது. கவுண்ட்டரில் இருந்தவன் சூயிங் கம் மென்றுகொண்டே சொன்னான், சாவெல்லாம் இங்கே கிடையாதாம். இங்கே நிலம், அடமானம் மட்டும். எந்த ஊரில் செத்தாரோ அந்த டவுன்ஷிப் ஆபீஸில் கேட்க வேண்டும். இதை வாசலில் எழுதி ஒட்டினால் என்ன கெட்டுப்போகும்.

டவுன்ஷிப்புக்கு ஃபோன். அப்பாவிடம் இருக்கும், பெரியப்பா எழுதிய பழைய ஏரோகிராம் கடிதத்தில் உள்ள ஊர். பிளெய்ன்ஸ்பரோவில் என் அபார்ட்மென்ட்டிலிருந்து ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம். கேட்டவை:

- மனு, என் லைசென்ஸ் நகல்
- உறவுக்கு ஆதாரம். தம்பி மகள் செல்லாது. கூடப்பிறந்தவர், மனைவி, பிள்ளை என்றால் செல்லும்.
- ஆகவே அப்பாவின் கடிதம், கையெழுத்தோடு
- அவர்கள் இருவரும் அண்ணன் தம்பி என்று காட்ட பர்த் சர்ட்டிஃபிகேட்

கடைசியதற்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கே பர்த் சர்ட்டிஃபிகேட் கிடையாது. இரண்டு பேருடைய எஸ்எஸ்எல்சி புத்தகமும் அலமாரியில் இருக்கிறதாம். அதை ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பாவின் வாய்ஸ் மெசேஜ்: "சுமதி, 79 மட்டும் தேடச் சொல்லும்மா, வேற வருஷம்லாம் வேணாம். இல்லேன்னா இல்லேன்னு ஒரு லெட்டர் வாங்கிக்க. அதுவே போதும்."

சான்றிதழ் கேட்கிறவர், சான்றிதழ் இல்லை என்ற கடிதம் போதும் என்கிறார். என்ன பேச்சு இது.

மார்ச் 21, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். தோசை மாவு புளிக்கவில்லை. தபாலில் டவுன்ஷிப் கடிதம். 79-ல் இந்தப் பேரில் இறப்புப் பதிவு எதுவும் இல்லை. சீல், கையெழுத்து.

ஃபோட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். அப்படி ஒரு சந்தோஷக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை.

"தங்கமான பொண்ணு. இத வச்சு இங்க ஒரு அஃபிடவிட் போட்டுட்டா முடிஞ்சுது சோலி."

"சித்தப்பா, ரெக்கார்டே இல்லன்னு சொல்றாங்க. அதுக்கு எதுக்கு சந்தோஷம்?"

"அந்தக் காலம்மா அது. எங்கியாவது விட்டுப் போயிருக்கும்."

பக்கத்தில் இருந்த அப்பா ஃபோனை வாங்கி, "விடும்மா, போதும்" என்றார்.

என் வேலையே இதுதான். மருந்துக் கம்பெனியில், ஒவ்வொரு தயாரிப்புக்கும் எழுதிவைத்த ரெக்கார்டை வரிவரியாகச் சரிபார்ப்பது. ஒரு காகிதம் இல்லையென்றால் இரண்டில் ஒன்று. எழுத மறந்தார்கள், இல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. பார்க்கிங்கில் பம்பர் உரசினாலே ரிப்போர்ட் எழுதுகிற நாடு இது. கார் மோதிச் செத்தவரை எழுதாமலா விட்டிருப்பார்கள்.

முரளியிடம் சொன்னேன். "அவங்களே போதும்கறாங்க, உனக்கு ஏன் இந்த வேலை" என்றார். கட்டிக்கொண்டவருக்கு இத்தனை வருஷத்தில் இது புரியவில்லை.

மார்ச் 26, புதன்

நேரே டவுன்ஷிப் ஆபீஸுக்கே போனேன். இன்னொரு மனு. எந்த வருஷம் என்ற கட்டத்தில், அவர் அமெரிக்கா வந்த 71 முதல் இன்றுவரை என்று எழுதினேன். பூனைப் படம் போட்ட ஸ்வெட்டரில் ஒரு அம்மாள். கம்ப்யூட்டரைப் பார்த்தார், எஸ்எஸ்எல்சி ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன தடவை கொடுத்த வருஷம் நிச்சயமானதுதானா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஆபீஸில் ஒரு தேதியை இரண்டு தடவை தவறாகப் படித்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காரில் உட்கார்ந்தே படித்தேன். அதில் உள்ளபடி:

பேர் - அவர்தான். தகப்பனார் பேர் - தாத்தா. பிறந்த ஊர் - கும்பகோணம்.
இறந்தது - 2014 அக்டோபர். வயது 69. இதய நோய்.
மண நிலை - மனைவியை இழந்தவர்.
தகவல் கொடுத்தவர் - டெனிஸ். உறவு - மகள்.

2014.

கருமாதி 79-ல். இடையில் முப்பத்தைந்து வருஷம். வருஷா வருஷம் திதி. உயிரோடு இருந்த மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும். அன்றைக்கு அம்மா சுட்ட வடையை நானும் தின்றிருக்கிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2000-ல். பதினான்கு வருஷம் இருபது நிமிஷ தூரத்தில் இருந்திருக்கிறோம். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் நான் முருங்கைக்காய் பொறுக்கியபோது பின்னால் தள்ளுவண்டியோடு நின்றிருக்கலாம். "கொஞ்சம் நகருங்க" என்று நானே சொல்லியிருக்கலாம்.

கதவைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஃபோன். அங்கே சாயங்காலம். சித்தப்பா பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வருஷத்தைச் சொன்னேன்.

"பதினாலா" என்றார். "பதினாலு வரைக்கும் இருந்தானா."

"உங்களுக்குத் தெரியும்ல அப்பா, 79-ல அவர் சாகலன்னு."

தெரியுமாம். எல்லோருக்கும் தெரியுமாம். பெரியப்பா இங்கே ஒரு நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார், ஃபோட்டோவோடு. கறுப்பினப் பெண். வீட்டில் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

"தலை முழுகுறதுன்னா குளிச்சுட்டு வந்து பேச்ச விட்டுடுவாங்க. உங்க தாத்தா கருமாதிப் பத்திரிகையே அடிச்சுட்டாரும்மா."

"கார் ஆக்ஸிடென்ட்னு சொன்னது யாரு?"

"நாந்தான். எப்படிப் போனான்னு ஊர்ல கேட்டாங்க. எதையாவது சொல்லணும்ல."

எதையாவது சொல்லணும். அதற்காக ஒரு லாரி, ஒரு மழை, ஒரு வளைவு எல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் இந்த நாட்டில் மழையில் கார் ஓட்டப் பயந்தேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு எழுதினாரா என்று கேட்டேன். மூன்று கடிதம். பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்களாம். நல்ல குடும்பம்.

ஏப்ரல் 5, சனி

சலவை. பூண்டு வாங்க வேண்டும்.

அப்பா சொல்லிவிட்டார் போல, சித்தப்பா கூப்பிட்டார். தாத்தா போனது 88-ல். பெரியப்பா அதற்கு முன்பே, பிள்ளை குட்டி இல்லாமல் செத்திருந்தால் வீட்டில் இரண்டு பங்கு. 2014 வரை இருந்தார், மகள் இருக்கிறாள் என்றால் மூன்று பங்கு. இதற்காகத்தான் 79 மட்டும் தேடச் சொன்னது. இல்லை என்று எழுதி வாங்கத்தான் என்னை அலையவிட்டது.

"அந்தப் பேப்பர நீயே வச்சுக்க. மொத லெட்டர் போதும், வக்கீல்ட்ட குடுத்தாச்சு. நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருந்தாப் போதும்."

"டெனிஸுக்கு உள்ளது அது, சித்தப்பா."

"யாரு? அதுக்குக் கும்பகோணம் எந்தத் திக்குல இருக்குன்னு தெரியுமா? அதெல்லாம் நம்ம ஜனமா?"

போன வருஷம் ஆபீஸில் ஒருவன் செய்யாத சோதனையைச் செய்ததாகத் தேதி போட்டு எழுதினான். நான் கொடுத்த ரிப்போர்ட்டில்தான் அவன் வேலை போனது. இரண்டு குழந்தைகள் அவனுக்கு. அது ஒரு மாத்திரைக்காக. இங்கே ஒரு ஆளையே எழுதிக் கொன்றிருக்கிறார்கள், நான் சும்மா இருக்க வேண்டுமாம்.

ஃபோனை வைத்துவிட்டு சிங்க்கில் காறித் துப்பினேன். வாயைக் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

அப்பாவின் பங்கு நாளைக்கு எனக்கும் என் தம்பிக்கும் வரும். இரண்டு பங்கு என்றால் எனக்கும் கூடத்தான் வரும். அதையும் எழுதிவைக்கிறேன். அது நினைவுக்கு வந்ததே இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

செய்தவை:
வக்கீலுக்கு மெயில். முழுச் சான்றிதழ், ஒரு வரி மறைக்காமல்.
டெனிஸுக்குக் கடிதம். சான்றிதழில் உள்ள முகவரிக்கு. பதினொரு வருஷப் பழைய முகவரி. நான் யார், வீடு என்ன, என் ஃபோன் நம்பர். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். 'நாங்கள் வருந்துகிறோம்' என்று ஒரு வரி வந்தது, அதை அடித்துவிட்டேன். யார் வருந்துகிறார்கள்.

முரளி: "வெட்டுக்குத்து ஆயிடும் பாரு."

ஏப்ரல் 9, புதன்

குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தினமும் குட்மார்னிங் ரோஜாப்பூ வராது. இந்த விஷயத்தில் கிடைத்த ஒரே லாபம்.

ஏப்ரல் 19, சனி

டெனிஸ் கூப்பிட்டாள். மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் என்ன விற்கிறாய் என்று கேட்டாள். கடிதம் மூன்று வீடு மாறி அவளிடம் போயிருக்கிறது. பள்ளிக்கூட பஸ்களை அனுப்பும் ஆபீஸில் வேலை. கனத்த குரல், அவசரமில்லாத பேச்சு.

வீட்டைப் பற்றிச் சொன்னேன். காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நீ நிஜமாகவே அவர் தம்பி மகளா என்று மூன்று தடவை கேட்டாள். அவளுடைய அப்பாவுக்கு யாருமே இல்லையாம். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், தங்கை எல்லோரும் ஆற்று வெள்ளத்தில் ஒரே நாளில் போய்விட்டார்களாம். அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார். வருஷத்தில் ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் வரை சாப்பிடமாட்டாராம்.

பதினான்கு வருஷம் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அங்கே மணி பத்தரைதான், அப்பா விழித்திருப்பார் என்று உடனே கூப்பிட்டுச் சொன்னேன். வெள்ளம், ஒரே நாள், எல்லோரும்.

"நானுமா" என்றார்.

"நீங்களும்தான் அப்பா."

"நாங்க எந்த வருஷம் போனோம்னு கேட்டியா?"